இலை மஞ்சளா, வெயில் மஞ்சளா?

பயிரின் நிறத்தைப் பார்ப்பதில் கண்ணும் ஏமாறும், செல்போனும் ஏமாறும். யூரியா மூட்டையைப் பிரிப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை.

பிசான நடவு முடிந்து ஒரு மாதம் கடந்திருக்கும். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று கன்னடியன் கால்வாய்ப் பாசனம் முழுக்கப் பச்சை விரிந்து கிடக்கும். சாயங்காலம் வரப்பில் நின்று பார்க்கும் விவசாயிக்குத் தன் வயல் மட்டும் கொஞ்சம் வெளுத்தது போலத் தெரிகிறது. ‘தழைச்சத்து பத்தல போல’ என்று மறுநாள் காலையிலேயே யூரியாவை விசிறிவிடுகிறார்.

அந்த மஞ்சளுக்குக் காரணம் உண்மையிலேயே தழைச்சத்துக் குறைவு என்றால் நல்லது. பாக்டீரியா இலைக்கருகல் நோயின் தொடக்கமாக இருந்தால்? தழைச்சத்து கூடக்கூட அந்த நோய் வேகமெடுக்கும். இலை நுனியில் தொடங்கிய மஞ்சள், ஓரம் வழியாக வைக்கோல் நிறத்தில் கீழே இறங்கும். பயிருக்கு ஒன்றுமே இல்லாமல், சாயங்கால வெயிலின் மஞ்சளை இலையின் மஞ்சளாக நினைத்து உரம் போட்டிருந்தாலும் நஷ்டம்தான். தேவைக்கு மேல் போன தழைச்சத்து இலைச்சுருட்டுப் புழுவையும் புகையானையும் குலை நோயையும் கூப்பிட்டு வைத்துவிடும். உரச் செலவோடு மருந்துச் செலவும் சேர்ந்துகொள்ளும்.

இப்போது பலர் கண்ணை மட்டும் நம்பாமல், செல்போனில் படம் எடுத்துச் செயலியிடம் கேட்கிறார்கள்; வாட்ஸ்அப்பில் அனுப்பி ஆலோசனை பெறுகிறார்கள். நல்ல வசதிதான். ஆனால், கண்ணுக்கு உள்ள அதே சிக்கல் கேமராவுக்கும் உண்டு. அதைப் புரிந்துகொண்டால் இரண்டையும் சரியாகப் பயன்படுத்தலாம்.

கண்ணுக்கு வருவது வெளிச்சம்தான்

வெயிலில் கிடக்கும் அடுப்புக்கரித் துண்டு ஒன்று. வீட்டுக்குள் கொடியில் தொங்கும் வெள்ளை வேட்டி ஒன்று. எதிலிருந்து கண்ணுக்கு அதிக வெளிச்சம் வருகிறது? வேட்டி என்றுதான் தோன்றும். உண்மையில் கரியிலிருந்துதான் அதிகம் வருகிறது.

உச்சி வெயிலின் வெளிச்சம் சுமார் 1,00,000 லக்ஸ். வீட்டுக்குள் சில நூறு லக்ஸ்தான். கரி தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நாலைந்து பங்கை மட்டுமே திருப்பி அனுப்புகிறது. வெள்ளைத் துணி 80 பங்கு வரை அனுப்பும். கணக்குப் போட்டால், கரியிலிருந்து 4,000 பங்கு வந்தால், 300 லக்ஸ் வெளிச்சமுள்ள அறையில் இருக்கும் வேட்டியிலிருந்து 240 பங்குதான் வருகிறது. ஆனாலும் கரி கறுப்பாகவும் வேட்டி வெள்ளையாகவும்தான் தெரிகின்றன.

காரணம், மூளை சும்மா இருப்பதில்லை. ‘இங்கே வெளிச்சம் எவ்வளவு, அது என்ன நிறம்’ என்று சுற்றுமுற்றும் பார்த்து ஊகித்து, அதைக் கழித்துவிட்டுத்தான் பொருளின் நிறத்தைச் சொல்கிறது. பெரும்பாலும் இந்த ஊகம் சரியாக இருக்கும். சில நேரம் தவறிப்போகும். சேலைக் கடையில் குழல் விளக்கின் கீழ் எடுத்த சேலையை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்ப்பது நம் வீட்டுப் பெண்களின் வழக்கம். நிறத்தைத் தீர்மானிப்பதில் துணிக்கும் பங்கு உண்டு, விளக்குக்கும் பங்கு உண்டு என்பது அவர்களுக்குத் தெரியும்.

2015 பிப்ரவரியில் ஒரு உடையின் புகைப்படம் உலகம் முழுக்கச் சுற்றியது. ஒரே படம்தான். சிலருக்கு வெள்ளையும் பொன்னிறமுமாகத் தெரிந்தது. சிலருக்கு நீலமும் கறுப்புமாகத் தெரிந்தது. உண்மையான உடை நீலமும் கறுப்பும். படத்தில் வெளிச்சம் எப்படிப்பட்டது என்று தெளிவாகத் தெரியாததால், ஒவ்வொருவர் மூளையும் ஒவ்வொரு விதமாக ஊகித்தது. வாட்ஸ்அப்பில் வரும் இலைப் படத்துக்கும் இதே கதி நேரலாம்.

வயலில் இன்னொரு ஏமாற்றும் உண்டு. ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பது அதன் பக்கத்தில் இருக்கும் நிறத்தையும் பொறுத்தது. பக்கத்து வயல்காரர் யூரியாவை அள்ளிப்போட்டு அது கரும்பச்சையாக நின்றால், சரியான அளவில் உரமிட்ட நம் வயல் வெளுத்துத் தெரியும். அதைப் பார்த்து நாமும் போட, நம் வயலைப் பார்த்து அடுத்தவர் போட, வரிசையாக எல்லா வயலிலும் புகையான் வந்து உட்காரும்.

செல்போனுக்குத் தெரிவது எண்கள்

செல்போன் கேமராவின் உள்ளே ஒளியை உணரும் லட்சக்கணக்கான நுண்ணிய அறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஒரு நிற வடிகட்டி. நான்கு அறைகளில் இரண்டு பச்சைக்கு, ஒன்று சிவப்புக்கு, ஒன்று நீலத்துக்கு என்ற இந்த அமைப்புக்கு கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்றார். மனிதக் கண் பச்சைப் பக்கத்து ஒளியில்தான் நுணுக்கத்தை அதிகம் பிடிக்கிறது. அதனால்தான் பச்சைக்கு இரட்டைப் பங்கு.

படத்தின் ஒவ்வொரு புள்ளியும் கடைசியில் மூன்று எண்களாக மாறுகிறது. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. கணினி பார்ப்பது இந்த எண்களைத்தான். வெயிலில் இருந்த வெளுத்த இலையும், நிழலில் இருந்த பச்சை இலையும் ஏறக்குறைய ஒரே எண்களைத் தரக்கூடும்.

செல்போனும் மூளையைப் போலவே வெளிச்சத்தின் நிறத்தை ஊகித்துக் கழிக்கப் பார்க்கிறது. அதற்கான பழைய, எளிய வழி ஒன்று உண்டு: படத்தில் உள்ள எல்லா நிறங்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் சாம்பல் நிறம் வர வேண்டும் என்று வைத்துக்கொள்வது. வீடு, தெரு, மனிதர்கள் உள்ள படத்தில் இது ஓரளவு சரிப்படும். படம் முழுக்க நெல் வயலாக இருந்தால்? ‘இவ்வளவு பச்சையா? வெளிச்சத்தில்தான் பச்சை கூடியிருக்க வேண்டும்’ என்று முடிவு கட்டி, இலையின் பச்சையையே கொஞ்சம் குறைத்துவிடும். நல்ல பயிர் படத்தில் வெளுத்துப்போகும். இப்போதைய செல்போன்கள் இதைவிடச் சாமர்த்தியமானவைதான். ஆனாலும் ஊகம் ஊகம்தான். படத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள் இருந்தால், எது வெள்ளை என்று செல்போனுக்கும் படத்தைப் பார்க்கும் அலுவலருக்கும் ஒரு பிடிமானம் கிடைக்கும்.

நெல்லை வயல்களில் எடுத்த 16,225 படங்கள்

நெல்லின் நோய்களைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் வேலை நம் மாவட்டத்திலேயே நடந்திருக்கிறது. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ‘பேடி டாக்டர்’ என்ற தொகுப்பு அது. 2021 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, திருநெல்வேலிப் பக்கத்துக் கிராம வயல்களில் செல்போன் கேமராவால் படங்கள் எடுக்கப்பட்டன. வேளாண் வல்லுநர் துணையோடு ஒவ்வொரு படத்துக்கும் நோயின் பெயர் குறிக்கப்பட்டது. மொத்தம் 16,225 படங்கள், 13 பிரிவுகள். அவற்றில் 12 பிரிவுகள் நோய், பூச்சித் தாக்குதல்; ஒன்று நலமான பயிர். பல கணினி மாதிரிகளைச் சோதித்ததில், சிறந்தது 100-க்கு 97.5 மதிப்பெண் பெற்றது.

இந்தத் தொகுப்பின் பெருமை, படங்கள் வயலிலேயே எடுக்கப்பட்டவை என்பதுதான். இதற்கு முன் உலக அளவில் பேசப்பட்ட ‘பிளான்ட்வில்லேஜ்’ தொகுப்பில், இலையைப் பறித்து ஒரு தாளின் மேல் வைத்துப் படம் எடுத்திருந்தார்கள். 14 பயிர்கள், 54,306 படங்கள். 2016-ல் வெளியான ஆய்வில், அதே தொகுப்பிலிருந்து ஒதுக்கிவைத்த படங்களைக் கணினி 99.35 சதவிகிதம் சரியாகச் சொன்னது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் காட்டியபோது அது சுமார் 31 சதவிகிதமாகச் சரிந்தது. 2022-ல் இன்னொரு ஆய்வு விஷயத்தைப் போட்டு உடைத்தது. இலையையே காட்டாமல், பின்னணியிலிருந்து வெறும் 8 புள்ளிகளை மட்டும் கொடுத்தார்கள். அப்போதும் கணினி 49 சதவிகிதம் சரியாகச் சொன்னது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் 2.6 சதவிகிதம்தான் வரும். அதாவது, ஒவ்வொரு நோயின் படமும் ஒவ்வொரு வெளிச்சத்தில், ஒவ்வொரு தாளின் மேல் எடுக்கப்பட்டிருந்தது. கணினி நோயோடு சேர்த்துத் தாளையும் மனப்பாடம் செய்திருக்கிறது.

வயலில் எடுத்த படங்களுக்கும் எல்லை உண்டு. ‘பேடி டாக்டர்’ தொகுப்பிலிருந்து 10,407 படங்கள் 2022-ல் ஒரு பன்னாட்டுக் கணினிப் போட்டிக்குக் கொடுக்கப்பட்டன. அவற்றில் 6,988 படங்கள் ஏ.டி.டி 45 ரகத்தில் எடுத்தவை. 1937-ல் தொடங்கிய அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-ல் வெளியிட்ட, நம் ஊரில் இட்லி அரிசிக்குப் பேர்போன அம்பை 16 ரகம் அந்தப் பட்டியலில் இல்லை. படங்கள் எடுத்த மாதங்களோ வெயில் மாதங்கள். கார் பருவத்தின் சாரல் மேகமும், பிசானத்தின் ஐப்பசி, கார்த்திகை மூட்டமும் வேறு வெளிச்சம்.

இது அந்த ஆய்வின் குறை அல்ல. எந்தச் செயலியும் தான் படித்த பாடத்தைத்தான் சொல்லும். நம் ரகமும் நம் பருவமும் அதன் பாடத்தில் இருந்தனவா என்று கேட்டுக்கொள்ள வேண்டியது நாம்தான்.

வடிவத்தைப் பார்ப்பதா, மேற்பரப்பைப் பார்ப்பதா?

சேற்றில் பதிந்த மாட்டுக் குளம்புத் தடத்தைச் சாய்ந்த வெயிலில் படம் எடுங்கள். படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பள்ளம் மேடாகத் தெரியும். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் மூளை பிறவியிலிருந்து பழகியிருக்கிறது. அதை வைத்துத்தான் நிழலைப் பார்த்து மேடு பள்ளத்தைத் தீர்மானிக்கிறது. இலை மேல் இருப்பது புடைத்த முட்டையா, அரித்த குழியா என்பதும் ஒற்றைப் படத்தில் இப்படித்தான் குழம்பும்.

கணினிக்குள்ள பலவீனம் வேறு வகை. ஜெர்மனியின் டூபிங்கன் நகர ஆய்வாளர்கள், பூனையின் உருவத்துக்கு யானைத் தோலின் சுருக்கங்களைப் போர்த்தி ஒரு படம் தயாரித்தார்கள். மனிதர்கள் ‘பூனை’ என்றார்கள். கணினி ‘யானை’ என்றது. மனிதர் முதலில் வடிவத்தைப் பார்க்கிறார். அந்தக் கணினிகள் மேற்பரப்பைப் பார்த்தன.

நெல் நோய்களில் இரண்டுமே வேண்டும். குலை நோயின் புள்ளி, இரு முனையும் கூர்மையான கண் போன்றது. நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு. செம்புள்ளி நோயின் புள்ளி எள் போல நீள்வட்டம். முள்வண்டு சுரண்டிய இலையில் நரம்புகளுக்கு இணையாக வெள்ளைக் கோடுகள் இருக்கும். பாக்டீரியா இலைக்கோடு நோயில், இலையை வெயிலுக்கு எதிரே பிடித்தால் நரம்புகளுக்கு இடையிலுள்ள கோடுகள் ஒளி ஊடுருவித் தெரியும். இதை மேலிருந்து எடுத்த படம் காட்டாது. இலைக்குப் பின்னால் வெளிச்சம் இருக்க வேண்டும்.

பளபளப்பும் கவனிக்க வேண்டியது. இலை மேல் பனித்துளியோ மழைநீரோ இருந்தால், அதில் பட்டுத் தெறிக்கும் ஒளி இலைக்குள் போய் வருவதில்லை. அது வானத்தின் வெள்ளையை அப்படியே கொண்டுவரும். மார்கழி விடியலில் வயல் சாம்பல் பூத்தது போலத் தெரிவது இதனால்தான்.

ஊகத்தைக் குறைக்கும் அட்டை

இந்தச் சிக்கலுக்கு எளிய தீர்வு ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது: இலை வண்ண அட்டை. ஜப்பானிய மாதிரி ஒன்றை அடிப்படையாக வைத்து, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அந்நாட்டு நெல் ஆய்வாளர்களோடு சேர்ந்து 1990-களில் உருவாக்கியது. வெளிர் பச்சை முதல் கரும்பச்சை வரை வரிசையாக நிறப் பட்டைகள், அவ்வளவுதான்.

இது வேலை செய்யும் ரகசியம் இதுதான்: அட்டை மேலும் இலை மேலும் ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சம் விழுகிறது. வெளிச்சம் மஞ்சளாக இருந்தால் இரண்டும் சேர்ந்தே மஞ்சளாகும். வெளிச்சத்தை ஊகிக்க வேண்டிய அவசியம் கண்ணுக்கு இல்லை, ஒப்பிட்டால் போதும்.

• நடவு வயலில் 14-ம் நாள், நேரடி விதைப்பில் 21-ம் நாள் தொடங்கி, 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை, பூக்கத் தொடங்கும் வரை பார்க்க வேண்டும்.
• காலை 8 மணி முதல் 10 மணிக்குள் பார்க்கவும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே நேரமாக இருக்கட்டும்.
• மேலிருந்து முழுதாக விரிந்த முதல் இலையைத் தேர்ந்தெடுத்து, அதன் நடுப்பகுதியை அட்டையோடு ஒப்பிடவும். இலையைப் பறிக்க வேண்டாம்.
• சூரியனுக்கு முதுகைக் காட்டி, உடம்பின் நிழல் இலை மேலும் அட்டை மேலும் விழும்படி நிற்கவும்.
• ஆங்காங்கே நோயில்லாத 10 குத்துகளில் பார்க்கவும். 6 அல்லது அதற்கு மேற்பட்ட இலைகள் குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே இருந்தால் மட்டும் தழைச்சத்து இடவும். வெள்ளைப் பொன்னிக்கு அந்த எண் 3. மற்ற ரகங்களுக்கும் வீரிய ஒட்டுக்கும் 4.
• ஒரு பருவம் முழுக்க ஒரே ஆள் பார்ப்பது நல்லது.

ஒருமுறைக்கு எவ்வளவு யூரியா என்பது ரகம், பருவம், மண்ணைப் பொறுத்தது. மண் பரிசோதனை முடிவோடு உதவி வேளாண்மை அலுவலரைக் கேட்டு முடிவு செய்யலாம்.

படம் அனுப்பும் முன்

• முழு வயல், ஒரு குத்து, ஒரு இலை என மூன்று படங்கள் எடுக்கவும். நோய் திட்டுத் திட்டாக இருக்கிறதா, பரவலாக இருக்கிறதா என்பது முதல் படத்தில்தான் தெரியும்.
• இலைப் படத்தில் ஓரமாக ஒரு வெள்ளைத் தாள் இருக்கட்டும்.
• பனி உலர்ந்த பிறகு, உங்கள் நிழலில் எடுக்கவும். பாதி வெயில், பாதி நிழல் வேண்டாம்.
• இலையின் அடிப்பக்கத்தையும், வெயிலுக்கு எதிரே பிடித்தும் ஒவ்வொரு படம் எடுக்கவும்.
• மஞ்சள் அடி இலையிலா, இளம் இலையிலா என்று எழுதி அனுப்பவும். தழைச்சத்துக் குறைந்தால், பயிர் அடி இலையில் இருப்பதை எடுத்து இளம் இலைக்குக் கொடுக்கும். அதனால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். இரும்பு, கந்தகச் சத்துக் குறைந்தால் இளம் இலை முதலில் மஞ்சளாகும்.
• ரகம், பயிரின் வயது, கடைசியாக இட்ட உரம் ஆகியவற்றைக் கட்டாயம் குறிப்பிடவும்.

கண்ணும் கேமராவும் விட்டதைக் கை பிடிக்கும்

நடுக்குருத்து காய்ந்திருந்தால் இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்து, அடியில் கடித்த தடம் இருந்தால் அது தண்டுத் துளைப்பான். இலை ஓரம் கருகியிருந்தால், புதிதாகப் பரவும் இடத்துக்கு அருகே இலையை வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போலக் கசிவு இறங்கினால் அது பாக்டீரியா இலைக்கருகல். உடனே யூரியாவை நிறுத்துங்கள். அந்த வயலின் தண்ணீரை அடுத்த வயலுக்கு விடாதீர்கள். இது பூஞ்சணம் அல்ல என்பதால், குலை நோய்க்கு வாங்கிய பூஞ்சணக்கொல்லியை இதற்கு அடித்தால் காசுதான் வீண்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: இலை வண்ண அட்டை கைவசம் இல்லை. அதன் படத்தைச் செல்போனில் வைத்துக்கொண்டு இலையோடு ஒப்பிடலாமா?

பதில்: கூடாது. அட்டை, மேலே விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. செல்போன் திரை தானே வெளிச்சம் விடுகிறது. இரண்டும் ஒரே வெளிச்சத்தில் இல்லாததால் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. திரையின் வெளிச்சத்தைக் கூட்டினால் குறைத்தால் நிறமும் மாறும். கடையில் எடுத்த பிரிண்டும் உதவாது. அட்டையை வேளாண்மைத் துறையிலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டு வாங்கலாம். வாங்கிய பிறகு வெயிலில் போட்டு வைக்காதீர்கள், சாயம் வெளுத்துவிடும்.

கேள்வி: எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. நான் பார்த்தால் 4 வருகிறது, மகன் பார்த்தால் 3 என்கிறான். யார் சொல்வது சரி?

பதில்: வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளாகும். கண்புரை இருந்தால் இன்னும் வித்தியாசம் தெரியும். ஆண்களில் சிலருக்குப் பிறவியிலேயே சிவப்பு, பச்சையைப் பிரித்தறிவதில் குறை இருக்கும். அது அவர்களுக்கே தெரியாமலும் இருக்கலாம். பார்வைப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. அதுவரை மகனே பருவம் முழுக்கப் பார்க்கட்டும்.

கேள்வி: இருட்டிய பிறகு ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்து அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். ஃபிளாஷ் வெளிச்சம் இலையின் பளபளப்பில் பட்டு வெள்ளைத் திட்டாகத் தெரியும். அதை நோய்ப் புள்ளி என்று செயலி எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. காலை வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: செயலி ஒரு நோயின் பெயரைச் சொல்லிவிட்டது. உடனே மருந்து அடிக்கலாமா?

பதில்: அதே வயலில் வேறு மூன்று குத்துகளைப் படம் எடுத்துக் காட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பெயர் சொன்னால் அதை நம்ப வேண்டாம். ஒரே பெயரைச் சொன்னாலும், இழுத்துப் பார்ப்பது, தண்ணீரில் வைத்துப் பார்ப்பது போன்ற கைச் சோதனையைச் செய்துவிட்டு, உதவி வேளாண்மை அலுவலரிடமோ கிசான் கால் சென்டரின் கட்டணமில்லா எண் 1800 180 1551-லோ உறுதி செய்துகொண்டு அடியுங்கள். ஒருநாள் தாமதத்தைவிடத் தப்பான மருந்துக்கு ஆகும் செலவு பெரிது.